கோயில் வாசல் நிலம் விக்கிற இடமில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு எம்ஆர்டியில உட்கார்ந்திருக்கும்போது படிங்க, ஆனா பாதியில விட்டுடாதீங்க. 50 வயசு தாண்டினவங்களும், 55-ல சிபிஎஃப் பணம் எடுக்கலாம்னு காத்திருக்கிறவங்களும் கண்டிப்பா படிக்கணும்.

நாங்க சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கோயில்ல தொண்டூழியம் செய்றவங்க. செருப்பு வைக்கிற இடம், அன்னதான வரிசை, தண்ணீர்ப் பந்தல், திருவிழா நாள்ல கூட்டத்தை ஒழுங்கு பண்றது, இதுதான் எங்க வேலை. மத்த நாள்ல ஃபேக்டரி, ஷிப்யார்டு, செக்யூரிட்டின்னு வேலை பார்க்கிறவங்க. செகண்டரியோட படிப்பை நிறுத்தினவங்கதான் எங்கள்ல அதிகம். அதனால தமிழ்ல பிழை இருந்தா மன்னிக்கணும். விஷயத்துல பிழை இருக்கக்கூடாதுன்னு பல நாள் விசாரிச்சு எழுதுறோம்.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை முடிஞ்சு அன்னதான வரிசை நிக்குது. நல்லா டிரஸ் பண்ணின ரெண்டு பேர் வரிசையில நிக்கிறவங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கிட்டு வந்தாங்க. நோட்டீஸ்ல மேல கோபுரம் படம், கீழ கடல் படம். "சென்னை ஈசிஆர் பக்கம், கோயில் 5 நிமிடம், கடற்கரை 10 நிமிடம், ஓய்வுக்காலத்துக்கு உங்கள் சொந்த மண்." ஒரு மனை இத்தனை ஆயிரம் வெள்ளி, முன்பணம் கொடுத்தா தங்கக் காசு இலவசம்.

எங்கள்ல யாரும் அவங்களைத் தடுக்கலை. ஏன்னா அன்னிக்கு அன்னதானத்துக்கு உபயம் கொடுத்ததே அவங்கதான். பேனர் கட்டினது நாங்கதான். இதை மறைக்கப் போறதில்லை.

அந்த வரிசையில நின்ன ஒரு அக்கா, பல வருஷமா கோயிலுக்கு வர்றவங்க, கிளீனிங் வேலை. வீட்டுக்காரர் தவறிப் போனப்போ வந்த பணம், 55 வயசுல சிபிஎஃப்ல எடுத்த கொஞ்சம், எல்லாம் சேர்த்து 22 ஆயிரம் வெள்ளியை அந்த மனைக்குக் கொடுத்துட்டாங்க. "கோயில்ல கொடுத்த நோட்டீஸ்தானே தம்பி, பொய்யா இருக்குமா?" இதுதான் அவங்க எங்ககிட்ட கேட்டது. இன்னிக்கு வரைக்கும் மனையும் இல்லை, பணமும் இல்லை. அந்த ஒரு கேள்விதான் எங்களை இதை எழுத வச்சது.

அந்த அக்கா சிங்கப்பூர்ல மூணாவது தலைமுறை. தாத்தா கப்பல்ல வந்தவர். பத்திரம் பதியப் போற நேரத்துலதான் சொல்றாங்க, "நீங்க வெளிநாட்டுக் குடிமகள், உங்க பேர்ல பதிய முடியாது, ஊர்ல சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க பேர்ல போட்டுக்கலாம்"னு. பணம் வாங்குற அன்னிக்கு இதை ஏன் சொல்லலை?

சட்டம் என்னன்னு எளிமையா சொல்றோம். இந்திய பாஸ்போர்ட் வச்சுக்கிட்டு இங்க வேலை பார்க்கிறவங்களும், ஓசிஐ கார்டு வச்சிருக்கிறவங்களும் இந்தியாவுல வீடு, கடை, வீட்டு மனை வாங்கலாம். ஆனா விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூணும் விலைக்கு வாங்கக்கூடாது. ஓசிஐ இல்லாத சிங்கப்பூர் குடிமக்கள், முகம் தமிழ் முகமா இருந்தாலும், ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாம எதையும் வாங்க முடியாது. கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓசிஐ கேட்கலாம்தான். ஆனா தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இந்தியாக்காரர்ங்கிறதுக்கு ஆவணம் காட்டணும். கையில ஒரு பெட்டியோட இறங்கின தாத்தாவோட தாள் நம்ம எத்தனை பேர் வீட்டுல இருக்கு?

இப்ப நோட்டீஸைத் திருப்பிப் பாருங்க. "பண்ணை மனை", "மாந்தோப்பு வில்லா", "பராமரிப்போடு பண்ணை நிலம்"னு போட்டிருக்கும். பட்டாவை எடுத்துப் பார்த்தா நஞ்சைன்னோ புஞ்சைன்னோ இருக்கும். எதை நாம வாங்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லுதோ, அதையே நமக்கு விக்கிறாங்க. விக்கிறவருக்கு இது தெரியாதுன்னு நீங்க நம்பறீங்களா? நாங்க நம்பலை.

"சொந்தக்காரர் பேர்ல போட்டுக்கலாம்"னு சொல்றது அதைவிட மோசம். பணம் உங்களது, பேர் இன்னொருத்தரது. இதுக்கு பினாமின்னு பேர். 2016-ல திருத்தின பினாமி சட்டப்படி அரசாங்கம் அந்தச் சொத்தைப் பறிமுதல் பண்ணலாம், ஒரு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. அது வராட்டியும், நாளைக்கு அந்தச் சொந்தக்காரர் "இது என் நிலம்"னு சொன்னா எந்தக் கோர்ட்டுல போய் நிப்பீங்க?

இன்னொண்ணு, பணம் கொடுக்கிற முறை. இந்தியாவுல சொத்து வாங்க வெளிநாட்டு நோட்டை கையில கொடுக்கக்கூடாது. பேங்க் வழியா அனுப்பணும், இல்லைன்னா என்ஆர்இ, என்ஆர்ஓ மாதிரி கணக்குல இருந்து கொடுக்கணும். தேக்காவுல ஒரு சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து வெள்ளியை எண்ணி வாங்கிக்கிட்டு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தா, பின்னால வித்த பணத்தை இங்க கொண்டு வர்றப்போ எந்தக் கணக்கைக் காட்டுவீங்க?

"அண்ணே, நீங்க பயமுறுத்துறீங்க. ஈசிஆர் விலை எப்படி ஏறிப் போச்சு பாருங்க"ன்னு சிலர் சொல்வாங்க. சரி, விலையையும் பேசுவோம்.

ஈசிஆர்ல விலை ஏறினது உண்மை. 2002-ல சென்னையில இருந்து புதுச்சேரி போற ரோடு சுங்கச் சாலையா வந்ததும் நீலாங்கரை, முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம்னு வரிசையா பங்களா, ரிசார்ட்டு. ஆனா எப்பவும் ஏறிக்கிட்டே இருந்துச்சுன்னு சொல்றது பொய். 2017 ஜூன் மாசம் தமிழ்நாடு அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சது. அதோட பதிவுக் கட்டணத்தை 1-ல இருந்து 4 சதவீதமா ஏத்தினது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம். சொந்த மண்ணுன்னு கையெழுத்துப் போடுறதுக்கே நூத்துக்கு 11 ரூபா. 2023 ஏப்ரல்லதான் வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏத்தி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக் குறைச்சாங்க.

நமக்கு இன்னொரு கணக்கு இருக்கு. புரோக்கர் அதைச் சொல்லவே மாட்டார். 2010-ல ஒரு வெள்ளிக்கு சுமார் 34 ரூபா. அன்னிக்கு 60 ஆயிரம் வெள்ளி அனுப்பியிருந்தா 20 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. 2024-ல ஒரு வெள்ளிக்கு சுமார் 62 ரூபா. போட்ட அதே 60 ஆயிரம் வெள்ளியைத் திரும்ப எடுக்கணும்னா அந்த மனையை 37 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விக்கணும். பத்திரச் செலவு, வரி, கமிஷன் எதையும் நாங்க சேர்க்கலை. ஊர்ல இருக்கிறவர் "17 லட்சம் லாபம்"னு இனிப்பு கொடுப்பார். நமக்கு 14 வருஷத்துல ஒரு வெள்ளிகூட லாபம் இல்லை.

அடுத்து கடல். கடலைப் பார்த்த மாதிரி வீடுன்னா யாருக்குத்தான் ஆசை வராது. எங்களுக்கும் உண்டு. 12 மணி நேரம் மெஷின் சத்தத்துல நிக்கிறவனுக்கு அலை சத்தம் கேட்டுத் தூங்கணும்னு தோணாதா? ஆனா கடற்கரைக்குத் தனிச் சட்டம் இருக்கு. 1991-ல முதல்ல வந்தது, 2011-லயும் 2019-லயும் புதுசா எழுதினாங்க. அலை ஏறுற கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் அந்தச் சட்டத்துக்குள்ள வரும். ஊர்ப்புறத்துல மக்கள் நெருக்கம் குறைஞ்ச இடம்னா முதல் 200 மீட்டர் புதுசாக் கட்டவே கூடாத பகுதி. "பீச் டச்" மனைன்னு பெருமையா விக்கிறாங்களே, அந்த "டச்"தான் பிரச்சினையே.

கொச்சி பக்கம் மரடு ஞாபகம் இருக்கா? காயல் ஓரமா நாலு அடுக்குமாடிக் கட்டடம். முந்நூறுக்கும் மேல வீடு. கட்டினவங்க அனுமதி வாங்கித்தான் கட்டினோம்னாங்க, வாங்கினவங்க பத்திரம் பதிஞ்சு, வரி கட்டி, குடியும் இருந்தாங்க. கடற்கரைச் சட்டத்தை மீறினதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லிடுச்சு. 2020 ஜனவரி 11, 12 ரெண்டே நாள்ல வெடி வச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. நாம எல்லாரும் போன்ல வீடியோ பார்த்தோம். இடிஞ்சு விழுந்தது வயசானவங்களோட ஆயுள் சேமிப்பு.

சட்டம் விட்டாலும் கடல் விடாது. ராமேஸ்வரம் யாத்திரை போனவங்க தனுஷ்கோடி பார்த்திருப்பீங்க. 1964 டிசம்பர்ல ஒரே ராத்திரிப் புயல்ல போன ஊர். இடிஞ்ச சர்ச்சு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றோம், அது ஒரு காலத்துல ரயில் வந்து நின்ன ஊருன்னு நினைக்கிறதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. புதுச்சேரியில துறைமுகம் கட்டினப்புறம் அதுக்கு வடக்கே இருக்கிற கரை வருஷா வருஷம் கரைஞ்சுக்கிட்டு வருது, மீனவர் வீடுகளே கடலுக்குள்ள போயிருக்கு. நோட்டீஸ்ல போட்ட கடல் அசையாம நிக்கும். நிஜக் கடல் அப்படி நிக்காது.

இந்தியாவுலதான் இப்படின்னு நினைக்காதீங்க. எங்கள்ல சிலர் துவாஸ்ல வேலை பார்க்கிறோம். அங்கிருந்து நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜொகூர்ல உயரமான கட்டடங்கள் தெரியும். ஃபாரஸ்ட் சிட்டி. கடலை மூடி நாலு தீவு, ஏழு லட்சம் பேர் குடியிருப்பாங்கன்னு சொல்லி சீனாவோட கன்ட்ரி கார்டன் கம்பெனி ஆரம்பிச்சது. 2018-ல மகாதீர் பிரதமரா இருந்தப்போ வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கவே விடமாட்டோம்னு சொன்னார். 2023-ல அந்தக் கம்பெனியே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாம நின்னுச்சு. சொன்ன கூட்டம் வரவே இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கடலோரம் கைகொடுக்கலை. ஒரு நோட்டீஸும் ஒரு போன் நம்பரும் மட்டும் வச்சிருக்கிற கம்பெனியை எதை நம்பி நம்புறோம்?

இப்ப பக்தர்களா நாம ரொம்பக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வர்றோம்.

"கோயில் 5 நிமிடம்"னு போட்டிருக்கே, அந்தக் கோயில் நிலம் எங்கே? தமிழ்நாட்டுல அறநிலையத்துறைக் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கு. விளக்கெரிக்கவும், நைவேத்தியத்துக்கும், திருவிழாவுக்கும் நம்ம முன்னோர் எழுதி வச்சது. 1959-ஆம் வருஷ அறநிலையச் சட்டத்தோட 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாம அந்த நிலத்தை வித்தா அது செல்லாது. பதிவுச் சட்டத்துல 22-ஏ பிரிவுப்படி சார்பதிவாளர் பதியவே மறுக்கணும். அப்படி இருந்தும் கோயில் நிலம் கைமாறிக்கிட்டுத்தான் இருக்கு. கோயிலுக்குப் பக்கத்துல மலிவா மனை கிடைக்குதுன்னா முதல்ல வர வேண்டிய சந்தேகம் இதுதான். சிவன் சொத்து குல நாசம்னு பாட்டி சொல்லி வளர்ந்தவங்க நாம. இங்க வெள்ளிக்கிழமை விரதம் இருந்துட்டு, அங்க சாமி நிலத்துல வில்லா கட்டிக்கலாமா?

இதைப் பார்க்கிறது கஷ்டம் இல்லை. தமிழ்நாடு அரசோட இணையத்துல சர்வே நம்பர் போட்டா பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு பார்க்கலாம். அதுல கோயில் பேரோ தேவஸ்தானம்னோ இருந்தா அங்கேயே நிறுத்துங்க. புறம்போக்குன்னு இருந்தாலும் நிறுத்துங்க.

எங்க ஃபேக்டரியில ஒரு வழக்கம். வெல்டிங் வேலைன்னா பர்மிட் இல்லாம ஒரு பொறிகூடப் பறக்கக்கூடாது. "அஞ்சு நிமிஷ வேலைதானே சூப்பர்வைசர்"னு கெஞ்சுவாங்க. விட மாட்டோம். லிஸ்ட்டை வச்சு ஒண்ணொண்ணா டிக் பண்ணி, கையெழுத்துப் போட்டப்புறம்தான் வேலை. அஞ்சு நிமிஷ வேலைக்கே அப்படின்னா ஆயுள் சேமிப்புக்கு எப்படி இருக்கணும்? எங்க லிஸ்ட் இது:

1. உங்க பேர்ல வாங்க சட்டம் இடம் கொடுக்குதா? இந்திய பாஸ்போர்ட்டா, ஓசிஐயா? ரெண்டும் இல்லைன்னா பேச்சை முடிங்க.

2. நிலம் என்ன வகை? நஞ்சை, புஞ்சை, தோப்புன்னா வேண்டாம்.

3. மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் இருக்கா? ரெரா பதிவு எண் விளம்பரத்துலயே இருக்கணும். அந்த எண்ணை நீங்களே இணையத்துல தேடிப் பாருங்க, அவர் அனுப்புற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க.

4. தாய்ப்பத்திரமும் 30 வருஷ வில்லங்கச் சான்றும் கையில வந்துச்சா? உங்க வக்கீல் படிச்சாரா? அவங்க வக்கீல் இல்லை, உங்க வக்கீல்.

5. பவர் பத்திரம் மட்டும் போதும்னு சொல்றாங்களா? வெறும் பவரை வச்சு நிலம் உங்களுக்குச் சொந்தம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே சொல்லியாச்சு.

6. கடற்கரையில இருந்து எத்தனை மீட்டர்? கடற்கரை மண்டல வரைபடத்துல எந்தப் பிரிவு?

7. வீவக வீடு வாங்கி அஞ்சு வருஷக் குடியிருப்புக் காலம் முடிஞ்சுதா? முடியறதுக்கு முன்னாடி வெளிநாட்டுல வீடு வாங்கினாலும் விதிமீறல்தான். விக்கிறவர் சிங்கப்பூர் ஏஜென்ட்டுன்னு சொன்னா சிஇஏ பதிவேட்டுல பேர் இருக்கான்னு பாருங்க.

ஏழுல ஒண்ணுக்கு டிக் விழலைன்னாலும் பணம் பையை விட்டு வெளியே வரக்கூடாது.

யாரும் ஊருக்குப் போகக்கூடாதுன்னு நாங்க சொல்லலை. தாள் சரியா இருக்கிற வீட்டை, வாங்கத் தகுதி இருக்கிறவர் வாங்கி, கடைசிக் காலத்தை அம்மா பிறந்த ஊர்ல கழிக்கிறது பெரிய கொடுப்பினை. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம் யோசிங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா அந்த வில்லாவுல யாரைக் கூப்பிடுவீங்க? மெடிஷீல்டும் மெடிசேவும் அங்க உதவாது. இங்க பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் தட்டுவாங்க, கீழ கோப்பிக் கடையில ரெண்டு நாள் நம்மளைக் காணலைன்னா தேடுவாங்க. கோயிலும் பஸ் தூரம்தான். சிவன் கோயிலே டோபி காட்டுல இருந்து சிராங்கூன் ரோட்டுக்கு வந்து, அப்புறம் 1993-ல கேலாங் ஈஸ்ட்டுக்குப் போச்சு. ஜனங்க இருக்கிற பக்கமா சாமியே இடம் மாறி வந்திருக்கார். அவரைத் தேடி ஆள் இல்லாத மனைப்பிரிவுக்கு நாம ஏன் ஓடணும்?

கடைசியா எங்க தப்புக்கு வர்றோம். உபயம் கொடுக்கிறவர் யாருன்னு கேட்காம பேனர் கட்டினது நாங்க. ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கோயிலோட நல்ல பேரைக் கொடுத்துட்டோம். அவருக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பேர்தான், வேற எங்கேயும் விலைக்குக் கிடைக்காதது. அந்த அக்காகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டோம். போலீஸ்ல புகார் எழுதக் கூடவே போனோம். பணம் வருமான்னு தெரியலை.

இனிமே எங்க தொண்டூழியர்கள் இருக்கிற வரைக்கும் அன்னதான வரிசையில நிலம், வீடு, சீட்டு, முதலீடு எந்த நோட்டீஸும் கொடுக்க விடமாட்டோம். எங்க வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டா எடுத்துடுவோம். உபயம் கொடுக்கணுமா, தாராளமா கொடுங்க. பேர், நட்சத்திரம் சொல்லுங்க, அர்ச்சனை பண்றோம். கம்பெனி பேர், போன் நம்பர் வேண்டாம். நிர்வாகக் குழுவுக்கும் இதையே எழுத்துல கொடுத்திருக்கோம், விதியாவே ஆக்கணும்னு கேட்டிருக்கோம். மத்த கோயில் தொண்டூழியர்களும் அவங்கவங்க கோயில்ல இதைக் கேளுங்க.

யாருக்காவது பத்திரமோ நோட்டீஸோ கையில இருந்தா, ஞாயித்துக்கிழமை மதியம் அன்னதானம் முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல எங்களைப் பாருங்க. நாங்க வக்கீல் இல்லை. ஆனா லிஸ்ட்டை வச்சுக்கிட்டுக் கூட உட்கார்ந்து படிப்போம். காசு வேண்டாம். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவங்க வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்காதீங்க. நீங்க நம்பினது புரோக்கரை இல்லை, கோயிலை. அந்தக் கடன் எங்களுக்கும் இருக்கு.

படிச்சவங்க 55 வயசை நெருங்குற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.

எல்லாருக்கும் இறைவன் துணை. சிவ சிவ.